நோபு மட்சுஹிசா: மூன்று முறை சறுக்கியவர் நான்காவதில் நின்றது எப்படி? (மிசோ பிளாக் காட் சந்தேகமும் சேர்த்து)

புதுக்கரண்டி:

ஜப்பானியச் சமையல்கலைஞர் நோபுவைப் பற்றி வரும் கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. அப்பா இல்லாத பையன், அலாஸ்காவில் தீ விபத்து, ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோ வந்தார், உலகமெங்கும் கடை. நடுவில் நடந்ததை யாரும் எழுதுவதில்லை. பெருவின் லிமா, அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரெஸ், அலாஸ்காவின் ஆங்கரேஜ் மூன்றிலும் தோற்றவர் லாஸ் ஏஞ்சல்ஸில் மட்டும் நின்றது எதனால்? சாப்பாடு மாறியதா, கூட்டாளி மாறினாரா?

இன்னொன்று சமையல் சந்தேகம். அவருடைய மிசோ பிளாக் காட் (மிசோ என்ற புளித்த சோயா விழுதில் ஊறவைத்துச் சுட்ட மீன்) செய்முறை எங்கே பார்த்தாலும் ஐந்தே பொருள்தான். ஆனால் வீட்டில் செய்கிறவர்கள் பாதிப் பேர் மேலே கருகி உள்ளே வேகவில்லை என்கிறார்கள், மீதிப் பேர் உப்புக் கரிக்கிறது என்கிறார்கள். ஐந்து பொருளில் தப்பு நடக்கிற இடம் எது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

பழைய மெனுகார்டு:

கரண்டி சார், "மூன்று தோல்வி" என்று ஒரே கூடையில் போடுவதில்தான் கோளாறு. மூன்றும் மூன்று விதம்.

முழுப்பெயர் நோபுயுகி மட்சுஹிசா. 1949 மார்ச் 10-ல் ஜப்பானின் சைதாமாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை சாலை விபத்தில் இறந்துவிட்டார். பள்ளிப் படிப்புக்குப் பிறகு டோக்கியோவின் ஷின்ஜுகுவில் 'மட்சுயே' என்ற சுஷிக் கடையில், அங்கேயே தங்கி வேலை கற்கும் பையனாகச் சேர்ந்தார். ஏழு வருடம். தொடக்க வருடங்களில் பாத்திரம் கழுவுவது, தரை துடைப்பது, வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, முதலாளி மீன் சந்தைக்குப் போனால் கூடை தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது. கத்தி கைக்கு வர வருடங்கள் ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் வேலை வாங்கும் தந்திரம் போலத் தெரியும். ஆனால் எந்த மீன் எந்த மாதத்தில் கொழுப்பேறும், செவுள் நிறம் எப்படி இருந்தால் வாங்கக் கூடாது என்பதெல்லாம் அந்தக் கூடை தூக்கலில்தான் கண்ணில் ஏறுகிறது. பின்னால் வேறு கண்டங்களில், பெயர் தெரியாத மீன்களை வைத்துச் சமைக்க வேண்டி வந்தபோது அவர் கையில் இருந்த மூலதனம் அதுதான்.

1973-ல், 24 வயதில் லிமா. அந்தக் கடைக்கு வாடிக்கையாக வந்த, பெருவில் வாழும் ஜப்பானிய வம்சாவளிக்காரர் ஒருவர் கூட்டுச் சேர அழைத்தார். லிமாவிலும் கடைக்கு 'மட்சுயே' என்றே பெயர். இது தோற்ற கடையே அல்ல, ஓடிய கடை. உடைந்தது கூட்டு. பங்குதாரர் பொருட்செலவைக் குறைக்கச் சொன்னார், நோபு மறுத்துவிட்டு மூன்று வருடத்தில் வெளியேறினார். சுஷிக் கடையில் செலவைக் குறை என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: மீனைக் குறை. பச்சையாகப் பரிமாறுவதால் நேற்றைய மீனை மசாலாவில் ஒளிக்க வழியில்லை. மற்ற உணவகங்களில் முதலாளிக்கும் சமையல்காரருக்கும் சமரசம் பேச இடம் உண்டு. இங்கே அந்த இடமே கிடையாது.

புவெனஸ் அய்ரெஸில் அவர் முதலாளியே இல்லை, சம்பளத்துக்கு இருந்தார். மாட்டிறைச்சிதான் சாப்பாடு என்று இருக்கும் ஊரில் அந்தக் காலத்தில் பச்சை மீனுக்கு ஆள் வரவில்லை. குடும்பத்தோடு ஜப்பான் திரும்பினார்.

ஆங்கரேஜுக்குப் போனதைப் பலரும் கிறுக்குத்தனம் என்பார்கள். அப்போதைய கணக்கில் அது கிறுக்குத்தனம் அல்ல. சோவியத் வான்வெளி மூடியிருந்ததால் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் பல ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பின. அலாஸ்கா குறுக்கு எண்ணெய்க் குழாய்த்தடப் பணி 1974 முதல் 1977 வரை நடந்தது. ஊரில் பணம் புழங்கியது, ஜப்பானியர் நடமாட்டமும் இருந்தது. கடன் வாங்கிக் கடை திறந்தார். நாள் தவறாமல் வேலை. முதல் விடுமுறையாக நன்றி தெரிவித்தல் நாளில் கடையைச் சாத்தினார். அன்று இரவே கடை எரிந்தது. திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மிஞ்சியது கடன். உயிரை விட நினைத்ததைப் பிற்காலத்தில் அவரே பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆக ஒன்று கூட்டாளித் தகராறு, ஒன்று சந்தை இல்லாத ஊர், ஒன்று விபத்து. சாப்பாடு பிடிக்காமல் மூடிய கடை என்று மூன்றில் ஒன்றையும் சொல்ல முடியாது.

அதன் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் சுமார் ஒன்பது வருடம் மற்றவர்களின் ஜப்பானிய உணவகங்களில் வேலை. கட்டுரைகள் ஒரே வரியில் தாண்டிப் போவது இந்த ஒன்பது வருடத்தைத்தான். கடன் அடைந்தது. அமெரிக்க வாடிக்கையாளர் எதைத் தட்டில் ஒதுக்குகிறார், எதற்கு முகம் சுளிக்கிறார் என்று சுஷி மேடைக்குப் பின்னால் நின்று தினமும் பார்க்க முடிந்தது. சுஷி மேடையில் சமைப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டிதான். பிரெஞ்சு சமையல்காரர் யாருக்கும் அப்போது இந்த வசதி கிடையாது.

1987-ல் நண்பர் கொடுத்த கடனில் பெவர்லி ஹில்ஸின் லா சியனேகா சாலையில் 'மட்சுஹிசா'. சின்ன இடம். மீன் வாங்கும் முடிவு முழுக்க அவர் கையில் இருந்து, நிலைத்தும் நின்ற முதல் கடை இதுதான். 1989-ல் 'ஃபுட் அண்ட் வைன்' இதழின் சிறந்த புதிய சமையல்கலைஞர் பட்டியலில் பெயர் வந்தது.

டி நீரோ வாடிக்கையாளராக வந்தவர். நியூயார்க்கில் டிரைபெக்கா பகுதியில் கடை போடலாம் என்று அழைத்து இடத்தையும் காட்டினார். நோபு மறுத்தார். சொந்தக் கடைக்கு வயது இரண்டு, விட்டுவிட்டுப் போனால் இரண்டும் கெடும் என்பது அவர் கணக்கு. டி நீரோ நாலு வருடம் கழித்து மறுபடி கேட்டார். இவ்வளவு நாள் காத்திருக்கிற ஆள் லிமா பங்குதாரரைப் போல இருக்க மாட்டார் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டதாக நோபு சொல்லியிருக்கிறார். 1994-ல் 105 ஹட்சன் தெருவில் 'நோபு' திறந்தது. கடை நடத்தும் பொறுப்பில் ட்ரூ நீபோரன்ட் இருந்தார். அவர் ஏற்கெனவே அதே வட்டாரத்தில் டி நீரோவுடன் 'டிரைபெக்கா கிரில்' நடத்திக்கொண்டிருந்தவர். உள்ளலங்காரம் டேவிட் ராக்வெல். அடுத்த வருடமே அமெரிக்க உணவகத் துறையின் ஜேம்ஸ் பியர்ட் விருதில் சிறந்த புதிய உணவகம்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: சாப்பாடும் மாறியது, கூட்டாளியும் மாறினார். ஆனால் முதலில் மாறியது மீன் வாங்கும் அதிகாரம் யாரிடம் என்பது.

ரொகோட்டோ:

மெனுகார்டு அண்ணன் சொன்ன வரலாறு சரி. ஆனால் இந்த இழை எப்படிப் போகும் என்று தெரியும், அடுத்த ஆள் வந்து "பெருவிய-ஜப்பானியச் சமையலைக் கண்டுபிடித்தவர் நோபு" என்பார். அதற்கு முன்னால் ஒரு தடுப்பு போட்டுவிடுகிறேன்.

பெருவுக்கு ஜப்பானியர் கூட்டமாக வந்தது 1899-ல், சகுரா மாரு என்ற கப்பலில், 790 பேர். கரும்புத் தோட்டக் கூலிகளாக. ஒப்பந்தம் முடிந்து லிமா வந்தவர்கள் சின்னச் சின்ன உணவுக்கடைகள் போட்டார்கள். நோபு லிமாவில் இறங்கும்போது அந்தச் சமூகத்துக்கு வயது எழுபதுக்கு மேல். ரோசிதா யிமுரா, ஹும்பர்த்தோ சாத்தோ, மினோரு குனிகாமி போன்றவர்கள் கட்டி வளர்த்த நிக்கேய் (பெருவிய-ஜப்பானிய) சமையல் அது. ஆலிவ் சாந்தில் ஆக்டோபஸ் தரும் 'புல்போ அல் ஒலிவோ' ரோசிதா யிமுரா பெயரில்தான் வழங்குகிறது. நோபுவோடு அதே 'மட்சுயே'யில் வேலை பார்த்த தோஷிரோ கோனிஷி லிமாவிலேயே தங்கிப் பெரும் பெயர் எடுத்தார். பெருவில் நோபுவைவிட அவரைத்தான் தங்கள் ஆள் என்பார்கள்.

நோபு செய்தது வேறு. லிமாவில் பார்த்ததை டோக்கியோ சுஷிக் கத்தியோடு சேர்த்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுவந்தார். டிராடிட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். செவிச்சே என்றால் மீனைச் சதுரத் துண்டாக வெட்டி, எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாயோடு பிரட்டுவது. டிராடிட்டோவில் மீன் சஷிமி (ஜப்பானியப் பச்சை மீன் வில்லை) போல மெல்லியதாக, வெங்காயம் கிடையாது, சாறு பரிமாறும் நேரத்தில்தான். லிமாவில் அதன் மேல் மிளகாய் சேர்த்த 'புலிப்பால்' சாற்றைத் தாராளமாக ஊற்றுவார்கள். நோபு தட்டில் அது வற்றிப்போனது. வெள்ளை மீன் வில்லைகள் பூ இதழ் போல வட்டமாக, ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு கொத்தமல்லி இலை, ரொகோட்டோ மிளகாய் விழுது ஒரு பொட்டு, யூசு என்ற ஜப்பானிய எலுமிச்சை வகையின் சாறும் எலுமிச்சைச் சாறும் சில சொட்டு, கடல் உப்பு. சோயா சாஸ் கிடையாது. சஷிமி என்றால் சோயா என்று வளர்ந்த ஒருவர் சோயாவைத் தட்டிலிருந்து எடுத்தார் பாருங்கள், லிமா கொடுத்தது அந்தத் துணிச்சல்.

செய்து பார்ப்பவர்கள் கெடுக்கும் இடம் நேரம். பழைய செவிச்சே மணிக்கணக்கில் ஊறும். இந்த வில்லை 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். சாறு பட்டு ஐந்து நிமிடம் தாண்டினால் மேற்பரப்பு வெளுத்து மாவாகிவிடும். முதலில் உப்பு, கடைசியில் சாறு, உடனே மேசை.

ஆன்டிகூச்சோவும் அப்படித்தான். லிமா தெருவில் அது மாட்டு இதயம் குத்திய கம்பி, அஹி பாங்கா மிளகாய், வினிகர், சீரகம், பூண்டு. நோபு மெனுவில் அந்த ஊறல் இதயத்தை விட்டு நல்ல மாட்டிறைச்சிக்கும் சால்மனுக்கும் போய்விட்டது. இதைப் பெருமை என்பதா மழுப்பல் என்பதா என்று லிமாக்காரர்களிடம் கேட்டால் இரண்டு கட்சி.

உப்புப்புளி:

மிசோ மீனுக்கு வருகிறேன். ஐந்து பொருள்தான், ஆனால் ஐந்திலும் பொறி வைத்திருக்கிறது.

நோபு தன் நூலில் வெளியிட்ட அளவு இது: சாக்கே (ஜப்பானிய அரிசி மது) 150 மில்லி, மிரின் (இனிப்பான அரிசி மது) 150 மில்லி, வெள்ளை மிசோ 450 கிராம், சர்க்கரை 225 கிராம். மீன், 230 கிராம் அளவில் நாலு துண்டு. ஊறல் கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சட்டும்.

சாக்கேயையும் மிரினையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கொதி வந்து இருபது விநாடி, சாராய நெடி போகும் வரை. இதைத் தாண்டிக் குதித்தால் ஊறல் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருந்தாலும் அந்தக் காட்டம் போகாது. அடுப்பைக் குறைத்து மிசோவைப் போட்டு மரக்கரண்டியால் கட்டியில்லாமல் கரையுங்கள். கரைந்த பிறகே தணலை ஏற்றிச் சர்க்கரை. இங்கே கையை எடுக்கக் கூடாது. மிசோ கனமானது, அடியில் உட்காரும், சர்க்கரையும் கூடச் சேர்ந்தால் அரை நிமிடத்தில் அடிபிடிக்கும். அடிபிடித்த கசப்பை எதுவும் மறைக்காது, கொட்டிவிட வேண்டியதுதான். சர்க்கரை கரைந்ததும் இறக்கி முழுக்க ஆற விடுங்கள். வெதுவெதுப்பாக மீனில் பூசினால் மேல்தோல் அரைவேக்காடாகும், ஃப்ரிட்ஜுக்குள்ளும் மீன் நேரம் கழித்துத்தான் குளிரும். இரண்டும் கெடுதல்.

மீனை டிஷ்யூவில் நன்றாக ஒற்றி ஈரம் எடுத்து, எல்லாப் பக்கமும் பூசி, மூடி, ஃப்ரிட்ஜில் இரண்டு முதல் மூன்று நாள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த மீன் என்றால் இந்த ஒற்றல் இன்னும் முக்கியம். உறைந்த மீன் உருகும்போது விடும் தண்ணீர் ஊறலை நீர்க்கச் செய்துவிடும்.

சுடும்போது ஊறலை விரலாலோ கத்தி முதுகாலோ வழித்து எடுங்கள். கழுவக் கூடாது. மெல்லிய படலம் மட்டும் பளபளவென்று இருக்க வேண்டும். முதலில் மேல் தணல் கிரில்லில் நிறம் வரும் வரை, பிறகு 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 10 முதல் 15 நிமிடம்.

இப்போது ஏன் கருகுகிறது என்பது. மொத்த ஊறல் 975 கிராம், அதில் சர்க்கரை மட்டும் 225. கிட்டத்தட்டக் கால் பங்கு. மிரினிலும் மிசோவிலும் இருக்கும் இனிப்பு தனி. இவ்வளவு சர்க்கரையைத் தடிமனாக மீன்மேல் விட்டுக் கிரில்லுக்கு அடியில் தள்ளினால் மூன்று நிமிடத்தில் கரி, உள்ளே பச்சை. "சுவை போய்விடுமே" என்று ஊறலை அப்பிக்கொண்டு சுடுகிறவர்களுக்குத்தான் இது நடக்கும். சுவை மூன்று நாளில் உள்ளே போய்விட்டது, வெளியே இருப்பது நிறத்துக்கு மட்டும். இதற்குப் பயந்து மீனைக் கழுவுகிறவர்களுக்கு எதிர்த் தொல்லை: ஈரம் ஆவியாகி முடியும் வரை நிறமே வராது, வருவதற்குள் மீன் வெந்து உதிர்ந்துவிடும். உங்கள் அடுப்பின் கிரில் மூர்க்கமானது என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் 200 டிகிரியில் வேக வைத்து, கடைசி இரண்டு நிமிடம் மட்டும் கிரில், கதவருகிலேயே நின்று.

உப்புக் கரிப்பது மிசோவால். இது கியோட்டோவின் சாய்க்கியோ மிசோ வழக்கத்திலிருந்து வந்தது. அந்த வெள்ளை மிசோவில் உப்பு சுமார் 5 சதவீதம், அரிசிக் கோஜி (புளிக்கவைக்கும் பூஞ்சை ஏற்றிய அரிசி) அதிகம், இயல்பிலேயே இனிப்பு. கடையில் கிடைத்ததே என்று சிவப்பு மிசோ போட்டால் அதில் 12 சதவீதத்தை ஒட்டி உப்பு. அதே 450 கிராமில் இரண்டு மடங்குக்கு மேல் உப்பு மீனுக்குப் போகிறது. நிறம் வெளுத்திருந்தாலும் சில மிசோவில் உப்பு அதிகம் இருக்கும், அட்டையில் சத்து விவரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கடைசிப் பொறி, மீனின் பெயர். பிளாக் காட் என்பது காட் குடும்பமே அல்ல. வட பசிபிக்கின் ஆழ்கடல் மீன், சேபிள்ஃபிஷ் என்பது சரியான பெயர், ஜப்பானில் கிந்தாரா. 100 கிராமில் சுமார் 15 கிராம் கொழுப்பு. அட்லாண்டிக் காடில் ஒரு கிராம்கூட இல்லை. பெயரை நம்பிச் சாதாரணக் காட் வாங்கி மூன்று நாள் ஊறப்போட்டால், உப்பும் சர்க்கரையும் தண்ணீரை இழுத்து, சுட்ட பிறகு நார்நாராக வரும். சேபிள்ஃபிஷில் அதே தண்ணீர் வெளியேற்றம் நடக்கிறது, ஆனால் கொழுப்பு அந்த இடத்தைத் தாங்குகிறது. தளர்ந்த சதை கெட்டிப்பட்டு, இதழ் இதழாகப் பிரிகிறது. நோபு இந்த மீனை எடுத்தபோது அமெரிக்காவில் அது மலிவான மீன். அவருடைய தட்டே அதன் விலையை ஏற்றியதில் பெரும்பங்கு வகித்தது என்பது மீன் வியாபாரத்தில் நாளும் சொல்லும் பேச்சு.

புதுக்கரண்டி:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, உப்புப்புளி. சேபிள்ஃபிஷ் கிடைக்காத இடத்தில் எதை வைத்துச் செய்யலாம்? ஊறலை மறுபடி பயன்படுத்தலாமா? இன்னொரு சின்னக் கேள்வி, எல்லோருக்கும்: 'நியூ ஸ்டைல் சஷிமி' என்று சூடான எண்ணெய் ஊற்றுவது வெறும் மேசைக் கண்காட்சியா, அல்லது அதற்கு வேலை ஏதும் இருக்கிறதா?

உப்புப்புளி:

கொழுத்த மீன் எதுவும் சரி. சால்மன், சிலியன் சீ பாஸ் இரண்டும் நன்றாக வரும். சால்மனுக்கு ஒரு நாள் போதும், சதை நெருக்கமானது, மூன்று நாள் விட்டால் ஓரம் தோல் மாதிரி ஆகிவிடும். மெலிந்த மீன்தான் என்றால் நாலைந்து மணி நேரம், அவ்வளவுதான். பச்சை மீன் ஊறிய ஊறலை எறிந்துவிடுங்கள். பூசாமல் மிஞ்சியது தனியாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் தாங்கும், கத்திரிக்காயில் தடவிச் சுட்டுப் பாருங்கள், ஜப்பானில் அது தனிப் பலகாரம்.

மீன்முள்:

எண்ணெய்க்கு நிச்சயம் வேலை இருக்கிறது. கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: பச்சை மீன் வேண்டாம் என்று ஒரு வாடிக்கையாளர் தட்டைத் திருப்பி அனுப்ப, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த ஆலிவ் எண்ணெயை நோபு அதன்மேல் ஊற்றினார், தட்டு காலியானது. மெனுகார்டு சொன்ன அந்த 'சுஷி மேடைப் படிப்பு' பலித்த இடம் இது. பயம் சுவையைப் பற்றியது அல்ல, "பச்சை" என்ற சொல்லைப் பற்றியது என்பதை அவர் பிடித்துக்கொண்டார்.

நடப்பது இதுதான். 2 மில்லிமீட்டர் வில்லையின் மேல், புகை வரும் கட்டத்துக்குச் சற்று முன் இருக்கும் எண்ணெய் விழுந்தால் மேற்பரப்பு மட்டும் வெளுத்துச் சுருங்கும், அடிப்பக்கம் பச்சையாகவே இருக்கும். மேலே வைத்த துருவிய பூண்டு, நூலாக வெட்டிய இஞ்சி, சைவ்ஸ் தாள், வறுத்த எள் எல்லாம் அந்தச் சூட்டில் வாசம் விடும். நாம் தாளிப்பைக் கடைசியில் கொட்டும்போது நடப்பதேதான். யூசு கலந்த சோயாவை எண்ணெய்க்கு முன் ஊற்ற வேண்டும், பின்னால் ஊற்றினால் சூடு தணிந்து வாசம் எழாது.

கெடுவது எங்கே? எண்ணெய் சூடு பற்றாமல் ஊற்றினால் மீன் வேகாது, எண்ணெயில் ஊறும். தட்டில் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். சொட்டு விட்டால் "சுர்" என்ற சத்தம் கேட்க வேண்டும். எக்ஸ்ட்ரா வெர்ஜின் வேண்டாம், அந்தச் சூட்டில் கசக்கும், வாசமும் போகும். சாதாரண ஆலிவ் எண்ணெயில் கொஞ்சம் ஜப்பானிய வறுத்த எள்ளெண்ணெய், பங்கு கூடினால் எள் மட்டும்தான் தெரியும். மீனில் தண்ணீர் இருந்தால் தெறிக்கும். ஒரு வில்லைக்குக் கால் தேக்கரண்டி போதும். கிண்ணத்தைக் கவிழ்க்கிறவர்கள் வீடியோவுக்காகக் கவிழ்க்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் மேற்பரப்பைத்தான் தொடுகிறது, உள்ளே இருக்கும் ஒட்டுண்ணிப் புழு சாகாது. எலுமிச்சைச் சாறும் கொல்லாது, செவிச்சே ஆட்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சையாகப் பரிமாறும் மீனுக்கு அமெரிக்க உணவு விதி சொல்வது: மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள், அல்லது மைனஸ் 35-ல் கல்லாக உறைய வைத்து அதே குளிரில் 15 மணி நேரம். சூரை வகைகளுக்கு விலக்கு உண்டு. வீட்டு ஃப்ரீசர் பல மைனஸ் 18-ல் தள்ளாடுபவை, அதை நம்ப வேண்டாம்.

கல்லாப்பெட்டி:

சமையல் பேச்சு முடிந்ததா? கரண்டி கேட்ட கூட்டாளி விஷயத்தில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது.

பல புலம்பெயர் சமையல்காரர்கள் இரண்டாவது கடையில் விழுவார்கள். காரணம் எளிது, ஆள் ஒருவர், அடுப்பு இரண்டு. நோபு அதைத் தாண்டியது மெனுவைப் பிரித்த விதத்தில். மிசோ ஊறல், யூசு-சோயா, ஆன்டிகூச்சோ ஊறல், ஹலபீன்யோ மிளகாய்ச் சாறு என்று சுவையின் பெரும்பகுதி முன்கூட்டியே கிராம் கணக்கில் செய்து வைக்கக்கூடிய சாறுகளில் இருக்கிறது. மஞ்சள்வால் மீன், ஒரு ஹலபீன்யோ வில்லை, ஒரு கொத்தமல்லி இலை, யூசு-சோயா. இதை நியூயார்க்கில் கற்றவர் லண்டனில் செய்தாலும் அதே தட்டுதான். மீனை வெட்டுவது மட்டும் கைவேலை, அதற்கு ஆள் பழக்க வருடங்கள் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு சாஸ் சமையலை இப்படிக் கிளை போடுவது இதைவிடப் பன்மடங்கு கடினம்.

1997-ல் லண்டன், ஓல்ட் பார்க் லேனில் மெட்ரோபாலிட்டன் ஹோட்டலுக்குள். ஹோட்டலுக்குள் என்பதைக் கவனியுங்கள். கட்டடம், குழாய், உரிமம் எல்லாம் ஹோட்டல்காரர் தலையில், பெயரும் சமையலும் இவர்கள் தரப்பில். அந்தப் பாடத்தைத் தலைகீழாகத் திருப்பி, 2013-ல் லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸுக்குள் தங்கள் பெயரிலேயே ஹோட்டல் திறந்தார்கள். நோபு, டி நீரோ, திரைப்படத் தயாரிப்பாளர் மெயர் டெப்பர் மூவரும் பங்காளிகள். 2015-ல் ஆஸ்திரேலியாவின் கிரவுன் நிறுவனம் 20 சதவீதப் பங்கை 100 மில்லியன் டாலருக்கு வாங்கியது. கணக்குப் போட்டால் முழுசும் 500 மில்லியன். உணவகங்கள் இன்று ஐம்பதுக்கு மேல்.

இதில் எல்லாம் வெற்றி இல்லை. பாரிஸ் கிளை நிலைக்கவில்லை. பெரிய தலைவலி நீலத்துடுப்புச் சூரை (புளூஃபின் டூனா). அழிவு அபாயத்தில் இருக்கும் மீனை விற்கிறார்கள் என்று சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் லண்டன் கிளைமேல் மரபணுச் சோதனையோடு வந்தது. 2009-ல் அவர்கள் செய்தது மீனை எடுப்பதற்குப் பதில் மெனுவில் ஒரு குறிப்பு: இது சுற்றுச்சூழல் அபாயத்தில் உள்ள இனம், மாற்று வேண்டுமானால் பரிமாறுபவரிடம் கேளுங்கள். முடிவைச் சாப்பிடுகிறவர் தலையில் கட்டிய அந்த வரியை என்னால் ரசிக்க முடியவில்லை. மலிவு மீனுக்கு மதிப்பு ஏற்றிக் காட்டிய அதே சமையலறை, இந்த மீனுக்கு ஒரு மாற்றைப் பிரபலமாக்கியிருக்க முடியாதா?

மீன்முள்:

கல்லாப்பெட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். 105 ஹட்சனில் இருந்த முதல் 'நோபு' 2017-ல் மூடி, 195 பிராட்வேக்கு இடம் மாறியது. பழைய படங்களைப் பார்த்து ஹட்சன் தெருவில் தேடாதீர்கள்.

புதுக்கரண்டி:

அனைவருக்கும் நன்றி. உப்புப்புளிக்கு மட்டும் கடைசியாக ஒன்று. சேபிள்ஃபிஷ் துண்டில் நடுவரிசை முள் பச்சையாக இருக்கும்போது இடுக்கியால் இழுத்தால் சதையே பிய்ந்து வருகிறதாம். முள்ளெடுக்காமல் ஊறப்போடலாமா?

உப்புப்புளி:

போடலாம், அதுதான் வழியும். அந்த முள் சதையோடு ஆழமாகப் பிடித்திருக்கும், சதையோ பச்சையில் வெண்ணெய் மாதிரி. இடுக்கி ஜெயிக்காது. சுட்ட பிறகு பிடிப்பு விட்டுவிடும். அடுப்பிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் விட்டு, துண்டின் மேல் விரல் நுனியால் தடவினால் முள் தலை தட்டுப்படும். அது சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள், நேராக மேலே தூக்காதீர்கள். மேல் படலம் உடையாமல் வழுக்கிக்கொண்டு வரும். பச்சையிலேயே எடுத்தாக வேண்டும் என்றால் முள் வரிசைக்கு இரண்டு பக்கமும் கத்தி போட்டு ஒரு பட்டையாகவே வெட்டி எடுத்துவிடுவார்கள். கொஞ்சம் சதை வீணாகும், துண்டும் இரண்டாகும்.